“மகிழ்ச்சியுடன் கொண்டாடுகிறார்கள்”: பண்டிகைப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பிள்ளைகளுக்காக உலகப் பண்டிகைகளைப் பற்றிப் பாடம் எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் எழுத்தோடு எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தியவள் நான். நீங்கள் எழுதியதைத்தான் வகுப்பில் உரக்க வாசித்தேன். அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன், கேள்வித்தாளில் கேட்டேன், விடைத்தாளில் திருத்தினேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எந்தப் பாடநூலை எடுத்தாலும் பண்டிகைப் பாடத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. “இந்நாளில் மக்கள் புத்தாடை உடுத்தி, இனிப்புகளைப் பகிர்ந்து, மகிழ்ச்சியுடன் கொண்டாடுகிறார்கள்.” பண்டிகையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும், மீதி அப்படியே பொருந்தும். பொருந்துவது போலத் தெரியும். ஒரு நாள் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நிற்கும்வரை எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அன்று முஹர்ரம் பத்தியை அவளை வாசிக்கச் சொன்னேன். நன்றாக வாசிக்கும் பிள்ளை. கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மேலே வாசி என்றேன். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டு, “டீச்சர், இது தப்பா இருக்கு” என்றாள். எது என்று கேட்டேன். “மகிழ்ச்சியுடன்னு போட்டிருக்கு. எங்க வீட்ல அன்னிக்கு யாருமே சிரிக்க மாட்டாங்க. எங்க பாட்டி செருப்புகூடப் போட மாட்டாங்க.”

கி.பி. 680இல், முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாளில், நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் இன்றைய இராக்கில் உள்ள கர்பலாவில் தம்முடன் இருந்த சிறு கூட்டத்தோடு கொல்லப்பட்டார். ஷியா முஸ்லிம்களுக்கு அது ஆண்டுதோறும் திரும்பி வரும் துக்கம். மாதத்தின் முதல் நாளிலிருந்தே கறுப்பு உடுத்துவார்கள். கூடி உட்கார்ந்து அந்த மரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டு அழுவார்கள். பத்தாம் நாளோடு முடிந்துவிடுவதுமில்லை, நாற்பதாம் நாளையும் அனுசரிக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்திருந்தும் அந்த வரியைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன் என்பதுதான் அன்று உறைத்தது.

அதே வகுப்பில் இன்னொரு முஸ்லிம் பையன் இருந்தான். அவன் வீட்டில் அதே நாளில் நோன்பு இருப்பார்கள். மூசா நபியும் அவருடைய மக்களும் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்ட நாள் என்ற நன்றியில் சன்னி முஸ்லிம்களில் பலர் அன்று நோன்பு நோற்கிறார்கள். ஒரே மதம், ஒரே தேதி, அடுத்தடுத்த பெஞ்சு. ஒரு வீட்டில் துக்கம், இன்னொரு வீட்டில் நன்றி நோன்பு. இந்த இரண்டில் எதற்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை.

அந்த ஆண்டுத் தேர்வில் “முஹர்ரம் எவ்வாறு கொண்டாடப்படுகிறது?” என்று ஒரு கேள்வி வந்தது. அவள் “துக்கமாக” என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் இருந்த சொல் வேறு. நான் அரை மதிப்பெண் குறைத்தேன். விடைக்குறிப்பை மீற எனக்கு அன்று துணிவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த அரை மதிப்பெண்தான்.

மகிழ்ச்சி அல்லாத பண்டிகை விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். ஒரு மாலையில் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை ஏறத்தாழ 25 மணி நேரம் சோறில்லை, தண்ணீரும் இல்லை. கடவுளிடம் மட்டுமல்ல, தான் புண்படுத்திய மனிதரிடமும் அதற்கு முன்னால் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மரபு. கிறிஸ்தவர்களின் புனித வெள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீனாவில் ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும் சிங்மிங் நாளில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ப் புல்லைப் பிடுங்கி, பெருக்கி, படைத்துவிட்டு வருகிறார்கள். ஜப்பானில் ஓபோன் காலத்தில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவதாக நம்பி விளக்கேற்றி வரவேற்கிறார்கள், பிறகு விளக்கேற்றியே வழியனுப்புகிறார்கள். கியோட்டோவில் ஆகஸ்ட் 16 இரவு ஐந்து மலைச்சரிவுகளில் மூட்டும் பெருநெருப்பு அந்த வழியனுப்புதலுக்கானது. அங்கே நிற்பவர்களின் முகத்தில் இருப்பதை நான் மகிழ்ச்சி என்றும் சொல்ல மாட்டேன், துக்கம் என்றும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல ஒரு பிள்ளைக்குச் சொற்கள் கற்றுத் தர வேண்டாமா?

பாலித் தீவின் ந்யெபியைப் பாடநூலில் எழுத நேர்ந்தால் உங்கள் வாக்கியம் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘சக’ என்ற ஆண்டுக் கணக்கின்படி அங்குள்ள இந்துக்களுக்கு அது புத்தாண்டு. புத்தாண்டு என்றதும் பட்டாசும் கூச்சலும் நினைவுக்கு வரும். அங்கே முந்தின இரவுதான் கூச்சல். பூதம்போல் செய்த பெரிய உருவங்களைத் தோளில் சுமந்து, தாளம் தட்டி, தெருத்தெருவாகக் கொண்டுபோகிறார்கள். விடிந்தால் தீவு முழுக்க அமைதி. நெருப்பு கூடாது, வேலை கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. இந்த நான்கும் விதி. விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுகிறார்கள். 2018 முதல் கைப்பேசி இணையத்தையும் அன்று நிறுத்துகிறார்கள். சுற்றுலாப் பயணியும் விடுதிக்குள்தான் இருக்க வேண்டும். லட்சக்கணக்கான பேர் சேர்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்து ஆண்டைத் தொடங்குகிறார்கள். இதை ஒரு பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். “விளக்கு போடாம எப்படி டீச்சர்?” என்று தொடங்கிய கேள்விகள் மணி அடித்தும் ஓயவில்லை.

கானா நாட்டின் அக்ரா பகுதியில் வாழும் கா மக்களின் ஹோமோவோவும் இப்படித்தான். அந்தப் பெயருக்கே பசியைப் பார்த்து எள்ளி நகைப்பது என்று பொருள். முன்னோர் ஒரு பெரும்பஞ்சத்தைக் கடந்து வந்த நினைவு அது. ஆனால் விழாவுக்கு முன்னால், தினை விதைத்த பிறகு, ஏறத்தாழ ஒரு மாதம் மேளம் அடிக்கவே தடை. விதை முளைக்கும்வரை ஊர் சத்தம் போடாமல் காத்திருக்கிறது. விழா நாளின் ஆரவாரத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டு, அந்த மௌன மாதத்தை விட்டுவிட்டால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

இன்னொரு குறை எனக்கு உண்டு. பாடத்தின் கடைசியில் ஓர் அட்டவணை போடுகிறீர்கள்: பண்டிகை, மதம், மாதம். ரமலானுக்கு எதிரே ஒரு ஆங்கில மாதத்தின் பெயரை அச்சிட்ட நூல் என்னிடம் இருக்கிறது. அச்சான ஆண்டில் அது சரிதான். நூல் புழக்கத்தில் இருந்த பத்தாண்டுகளில் ரமலான் மூன்று மாதத்துக்கு மேல் முன்னால் போய்விட்டது. நிலவை மட்டும் வைத்து எண்ணும் ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டுகளில் 355. ஆகவே சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் நோன்பு எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். ஒரே மனிதர் தம் வாழ்நாளில் குளிர்காலத்துக் குறும்பகலிலும் நோன்பு இருப்பார், வட ஐரோப்பாவில் இருந்தால் கோடையில் 18 மணி நேரத்துக்கும் மேல் நீளும் பகலிலும் இருப்பார். 2030இல் ரமலான் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் கடைசியில் மறுமுறையுமாக இருமுறை தொடங்கும். அந்த ஆண்டுக்கு உங்கள் அட்டவணையில் என்ன போடுவீர்கள்?

தேதியைத் தராதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்பதைத் தாருங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பது அதைத்தான். யூதர்களும் நிலவைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அவர்களுடைய பெஸாக் என்ற பாஸ்கா பண்டிகை வசந்தத்தில்தான் வர வேண்டும் என்பது வேதக் கட்டளை. எனவே 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து நிலவைச் சூரியனோடு ஒட்டவைக்கிறார்கள். அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. விடுமுறை நாளை மட்டும் குறித்துவிட்டு அதற்கு முந்தின மாலையில் பள்ளி விழா வைத்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பண்டிகை தொடங்கியே போயிருக்கும்.

ஈஸ்டர் கணக்கை ஒருமுறை பலகையில் போட்டேன். மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. அது மார்ச் 22இலிருந்து ஏப்ரல் 25வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். இதே விதியைத்தான் கீழைத் திருச்சபைகளில் பெரும்பாலானவையும் வைத்திருக்கின்றன. ஆனால் பழைய ஜூலியன் நாட்காட்டியில் எண்ணுகின்றன. அதனால் பல ஆண்டுகளில் இரண்டு ஈஸ்டர். 2025இல் இரண்டும் ஏப்ரல் 20இல் ஒன்றாக வந்தன. கணக்கில் எப்போதும் தூங்கும் ஒரு பையன் அன்று தன் நோட்டில் ஐந்து ஆண்டுகளின் ஈஸ்டரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினான். பண்டிகைப் பாடம் வானியல் பாடமாகவும் கணக்குப் பாடமாகவும் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவன் அவன்தான்.

நவ்ரூஸ் நினைவுக்கு வருகிறது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வெளிநாட்டில் படித்த என் மகளின் அறைத்தோழி ஓர் ஈரானியப் பெண். நான் போயிருந்த சமயம் அவர்களுடைய புத்தாண்டு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே ஒரு தட்டில் கோதுமையை நனைத்து முளைக்க வைத்திருந்தாள். அது விரற்கடை உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று வளர்ந்து நின்றது. நடுவில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினாள். மேசை விரிப்பின்மேல் அவள் மொழியில் ‘சீன்’ என்ற எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களை அடுக்கினாள். அந்த முளைப்பயிர், ஆப்பிள், பூண்டு, வினிகர், சுமாக் பொடி, உலர்ந்த ஒரு சின்னப் பழம், முளைக்கோதுமையில் கிண்டிய ஒரு களி. பக்கத்தில் ஒரு கண்ணாடி, வண்ணம் பூசிய முட்டைகள். பிறகு கைப்பேசியில் தெஹ்ரானில் இருந்த அம்மாவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அவர்களுடைய புத்தாண்டு நள்ளிரவில் பிறப்பதில்லை. சூரியன் வான நடுக்கோட்டைத் தாண்டி வடக்கே திரும்பும் அந்தக் கணத்தில் பிறக்கிறது. அதை நொடிவரை கணித்து அறிவிக்கிறார்கள். தெஹ்ரான் நேரப்படி 2023இல் அது நள்ளிரவு தாண்டி 12.54க்கு வந்தது, 2024இல் காலை 6.36க்கு, 2025இல் நண்பகல் தாண்டி 12.31க்கு. ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். நெட்டாண்டு வந்தால் திரும்பி வரும். நானும் அவர்களோடு அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் பேசவில்லை. கைப்பேசியில் அவள் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. நேரம் வந்ததும் அந்த அம்மா ஏதோ சொன்னார். இந்தப் பெண் அழத் தொடங்கினாள், சிரிக்கவும் செய்தாள். பதின்மூன்றாம் நாள் அந்த முளைப்பயிரைக் கொண்டுபோய் ஓடும் தண்ணீரில் விட வேண்டும் என்று சொன்னாள். ஆறு தேடிப் போனோம்.

ஈரானில் மட்டுமல்ல, ஆப்கானிஸ்தான், அஸர்பைஜான், மத்திய ஆசிய நாடுகள், குர்து மக்கள், பார்சிகள் என்று பல மதத்தாருக்கும் பல மொழியினருக்கும் பொதுவான நாள் அது. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மார்ச் 21ஐ உலக நவ்ரூஸ் நாளாக அறிவித்தது. நான் நடத்திய நூலில் அதற்கு ஒரே ஒரு வரி இருந்தது. அது என்ன வரி என்று உங்களுக்குத் தெரியும்.

நட்சத்திரத்தைப் பார்த்துப் பண்டிகை வைக்கும் மக்களும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரிகளுக்கு மத்தாரிக்கி என்பது புத்தாண்டு. அந்தப் பெயர் ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயர். தமிழில் நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் சொல்கிறோமே, அதே கூட்டம்தான். சில வாரம் கண்ணுக்குத் தெரியாமல் போய், நடுக்குளிரில் விடியலுக்கு முன் கிழக்கில் மறுபடி தலைகாட்டும்போது ஆண்டு பிறக்கிறது. அந்த இருட்டில் நின்று, கடந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்கள். 2022 ஜூன் 24 அன்று முதன்முறையாக அது நாட்டின் அரசு விடுமுறையானது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேற்குக் கரையில் உள்ள சில குலத்தாருக்கு அந்தக் கூட்டம் சரியாகத் தெரிவதில்லை என்பதால் அவர்கள் புவாங்கா என்ற வேறொரு விண்மீனைப் பார்க்கிறார்கள். ஒரே மக்கள், ஒரே புத்தாண்டு. நிற்கும் இடம் மாறினால் பார்க்கும் நட்சத்திரமும் மாறுகிறது.

அந்த நாட்டில் மத்தாரிக்கி வரும் ஜூன் குளிர்காலம் என்றால் கிறிஸ்துமஸ் வரும் டிசம்பர் கோடை. பூமியின் தென்பாதி முழுக்க அப்படித்தான். அங்கே டிசம்பரில் பொஹுத்துகாவா மரம் செக்கச் செவேலென்று பூக்கும். அதைத்தான் கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். பனி மூடிய தேவதாரு மரத்தை எல்லா நூலிலும் போடுகிறீர்கள். பாதி உலகத்துக்கு அது பொருந்தாத படம்.

அடுத்து ஒப்புமை. “இது அவர்களுடைய தீபாவளி”, “இது அவர்களுடைய கிறிஸ்துமஸ்” என்று எழுதுவது பிள்ளைக்குச் சட்டென்று புரியும் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்திருந்தேன். இதில் ஹனுக்காவுக்கு நேரும் அநியாயத்தைப் பாருங்கள். எருசலேம் ஆலயம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் மீண்டும் புனிதப்படுத்தப்பட்டதை நினைவுகூர்ந்து எட்டு இரவு விளக்கேற்றும் நாள்கள் அவை. எபிரேய வேதாகமத்தில் அதற்கு இடமே இல்லை. அன்று வேலைக்குப் போகத் தடையும் இல்லை. யூத ஆண்டில் அது சின்னப் பண்டிகை. டிசம்பர் பக்கத்தில் வருவதால் அமெரிக்காவில் பரிசும் அலங்காரமுமாக வளர்ந்தது, அவ்வளவுதான். பாடநூல்கள் அதை முதலில் வைத்துவிட்டு பெஸாக்கையும் சுக்கோத்தையும் கடைசி வரிக்குத் தள்ளிவிடுகின்றன. சுக்கோத்தில் ஒரு வாரம் குடும்பமே குடில் கட்டி அதில் உண்ணும். கூரையில் தழை போடும்போது இடுக்கு வழியே நட்சத்திரம் தெரியும்படி போட வேண்டும். இதைவிட நல்ல படம் ஒரு பிள்ளைக்குக் கிடைக்குமா?

விளக்குப் பண்டிகை என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்ட தீபாவளி இரவும் அப்படித்தான். அந்த நாள்களில் சமணர்கள் மகாவீரர் முக்தி அடைந்ததை நினைக்கிறார்கள். சீக்கியர்கள் குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து விடுதலையானதை நினைக்கிறார்கள். வங்காளத்தில் அது காளி பூசை. நேபாளத்தின் திஹாரில் ஒரு நாள் காகத்துக்கு, மறுநாள் நாய்க்கு. தெருநாய்க்கும் மாலை போட்டுப் பொட்டு வைத்துச் சாப்பாடு தருகிறார்கள். விளக்கு ஒன்றுதான், அது எதற்காக எரிகிறது என்பது வீட்டுக்கு வீடு வேறு.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்சிகோவின் இறந்தோர் நாளுக்கு எலும்புக்கூடு வேடமிட்ட மாபெரும் ஊர்வலத்தின் படத்தைப் போட்டு, கீழே “பழங்கால மரபு” என்று எழுதியிருந்தார்கள். மெக்சிகோ நகரில் அந்த ஊர்வலம் முதன்முதலில் நடந்தது 2016இல். அதற்கு முந்தின ஆண்டு வந்த ஓர் ஆங்கிலப் படத்தில் கற்பனையாகக் காட்டிய ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு நடத்தத் தொடங்கியது அது. நவம்பர் 1இலும் 2இலும் வீடுகளில் நடப்பது வேறு. இறந்தவரின் படத்தை வைத்து, அவருக்குப் பிடித்ததைப் படைத்து, நெடுந்தூரம் வந்த களைப்புக்கு ஒரு குவளை தண்ணீரும் வைக்கிறார்கள். வழி தெரிய வேண்டுமே என்று வாசலிலிருந்து சாமந்தி இதழ்களைத் தூவி வைக்கிறார்கள். முதல் நாள் குழந்தையாக இறந்தவர்களுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. இதைப் படமாகப் போடுங்கள். தாய்லாந்தின் சொங்கிரானுக்கும் தெருவில் தண்ணீர்த் துப்பாக்கியோடு ஓடும் இளைஞர்களின் படம்தான் எங்கும் இருக்கிறது. அதே நாளில் வீட்டுக்குள் பிள்ளைகள் முழங்காலிட்டு, பாட்டி தாத்தாவின் கைகளில் வாசனைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி ஆசி வாங்குகிறார்கள். துப்பாக்கி பொய் என்று சொல்லவில்லை. அந்தக் கை தெரியாமல் துப்பாக்கியை மட்டும் காட்டாதீர்கள்.

“தொன்றுதொட்டு” என்ற சொல்லையும் கவனமாக எடுங்கள். ஜப்பான் 1873இல் நாட்காட்டியை மாற்றியபோது புத்தாண்டையே ஜனவரி 1க்கு மாற்றிக்கொண்டது. உக்ரைன் 2023இல் சட்டம் போட்டு அரசு விடுமுறையான கிறிஸ்துமஸை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் அபராதம், போட்டவர்களும் கிறிஸ்தவர்களே. ஸ்பானியர் ஆட்சியில் தடை செய்யப்பட்ட இன்காக்களின் சூரிய விழாவை 1944இல் பெருவின் கூஸ்கோ நகரத்தார் மறுபடி நடத்தத் தொடங்கினார்கள். பண்டிகைக்கும் வரலாறு உண்டு. அதை நடத்த எனக்கு ஒரு பத்தி கூட நீங்கள் தரவில்லை.

கொண்டாடாத பிள்ளையும் வகுப்பில் இருக்கிறது. யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை, பிறந்தநாளும் கொண்டாடுவதில்லை. எந்தக் கடவுளையும் வணங்காத வீடுகள் உண்டு. அந்த ஆண்டு வீட்டில் ஒருவரை இழந்து நிற்கும் பிள்ளை உண்டு. பயிற்சிப் பகுதியில் “உன் வீட்டில் பண்டிகையை எப்படிக் கொண்டாடினாய்? பத்து வரிகள் எழுதுக” என்று போடும்போது இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். “உங்கள் வகுப்பில் உள்ள இன்ன மதத்து மாணவரிடம் கேட்டு அறிக” என்றும் போடாதீர்கள். அது மிக நல்ல எண்ணத்தோடு எழுதப்படுவது என்று தெரியும். ஆனால் நாற்பது பேர் நடுவில் ஒற்றைப் பிள்ளையை எழுப்பி ஒரு மதம் முழுவதற்கும் பதில் சொல்ல வைக்கும்போது அந்த முகத்தைப் பார்ப்பவள் நான்தான். அவளாக விரலை வைத்து “இது தப்பா இருக்கு” என்று சொன்னது வேறு, நாமாக எழுப்பி நிறுத்துவது வேறு.

நான் கேட்பது பெரிய நூலல்ல. பக்கம் குறைவு என்பீர்கள், இருபது பண்டிகைக்குப் பதில் ஆறு போதும். ஆறையும் ஒழுங்காக எழுதுங்கள். அந்த நாள் எப்படிக் கணக்கிடப்படுகிறது, அன்று என்ன செய்கிறார்கள், எதைச் செய்யாமல் இருக்கிறார்கள், யாரை நினைக்கிறார்கள் என்று எழுதுங்கள். எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன்னால், அந்த நாளை வீட்டில் அனுசரிக்கும் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அறிஞர்தான் வேண்டும் என்பதில்லை, ஒரு பாட்டி போதும்.

அந்தச் சிறுமி வாசித்த நூல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று வகுப்பு முழுவதையும் அந்தச் சொல்லைப் பென்சிலால் அடிக்கச் சொன்னேன். நானும் அடித்தேன். “அதுக்குப் பதிலா என்ன எழுதணும் டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். எனக்கு உடனே சொல்ல வரவில்லை. அப்படியே விடுங்கள் என்றேன். இத்தனை ஆண்டு கழித்து எழுதிப் பார்த்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் அந்தப் பத்தி இருக்கும் இடத்தில் இதை வைக்க முடியுமா என்று பாருங்கள்:

“இஸ்லாமிய ஆண்டின் முதல் மாதம் முஹர்ரம். அதன் பத்தாம் நாள் ஆஷூரா. கி.பி. 680இல் இதே நாளில் நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டார். ஷியா முஸ்லிம்கள் அவரை நினைத்து இந்நாள்களில் துக்கம் காக்கின்றனர். சன்னி முஸ்லிம்களில் பலர், மூசா நபியும் அவருடைய மக்களும் காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாக இந்நாளில் நோன்பு நோற்கின்றனர். இஸ்லாமிய ஆண்டு நிலவைக் கொண்டு எண்ணப்படுவதால், இந்நாள் சூரிய ஆண்டில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வரும். இவ்வாண்டு அது எந்தத் தேதியில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு சமூக அறிவியல் ஆசிரியை